ஆறாவது குதிரை

இடது முன்காலில், முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத்துத் தசைநாரில் ஒரு விரலகலம் சூடாக இருந்தது. அல்லது எனக்கு அப்படிப் பட்டது. கையை என் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி தொட்டேன். வலது காலைத் தொட்டேன். திரும்ப இடதைத் தொட்டேன். தெற்கிலிருந்து வந்த காற்று லாயத்துத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் எந்தக் கால் எவ்வளவு சூடு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"காலோட என்ன ரகசியம்?" என்று கேட்டபடி வந்தான் கேலம். என் அண்ணன். எங்கள் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். மீதி நேரத்தில் பக்கத்துப் பண்ணையில் பால் கறக்கிறான்.

"தொட்டுப் பாரேன்."

குனிந்து தொட்டான். "ஒண்ணும் தெரியல."

"உன் கைக்குக் கொதிக்கிற கெட்டிலைத் தொட்டாலும் ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு என்னைத் தொடச் சொல்றே?"

என் குதிரை பார்லி தலையைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பினான். சிமென்ட் தரையில் நடத்திப் பார்த்தோம். ஓட விட்டுப் பார்த்தோம். நொண்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்டேன். சத்தத்திலும் குறை இல்லை.

டாக்டர் அனெக்குக்குப் போன் செய்தேன். நாரைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவி இந்த வட்டாரத்தில் அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் இது ஆகஸ்ட், எங்களுக்குக் குளிர்காலம் முடியும் மாதம். தென் தீவின் எங்கள் முனையில் மாடுகள் எல்லாம் சேர்ந்து கன்று போடும் மாதம். போனில் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பசு கத்தியது.

"திங்கக்கிழமை வரேன்," என்றாள். "இப்ப என் கை தோள் வரைக்கும் ஒரு மாட்டுக்குள்ள இருக்கு, ஐலி."

"சனிக்கிழமை பந்தயம் இருக்கு."

"அப்ப சனிக்கிழமை ஓட்டாத." வைத்துவிட்டாள்.

ஓட்டாமல் இருப்பது மற்ற வருடங்களில் சுலபம். பெயரை விலக்கிவிட்டு வீட்டில் இருக்கலாம். இந்த வருடம் முடியாது. எங்கள் தென்கரைச் சாம்பியன்ஷிப் மூன்று ஊர்களில் மூன்று சுற்றுகள். மூன்றிலும் கிளம்பிய குதிரைகளுக்கு மட்டும் நான்காவதாக இறுதிச் சுற்று. அது எங்கள் ஊர் கில்பிரைட்டில். ஆறு குதிரைக்குக் குறைந்தால் ஓட்டம் கிடையாது என்று வடக்கே தலைமை அலுவலகத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். ஒரு சுற்று விழுந்தால் இறுதிச் சுற்றும் விழும். இறுதிச் சுற்று விழுந்த மைதானத்துக்கு அடுத்த வருடம் பந்தய நாளே தர மாட்டார்கள். முதல் சுற்றில் ஒன்பது குதிரைகள் இருந்தன. இரண்டாவதில் ஏழு. சனிக்கிழமை கிளென்ஹில்லில் நடக்கும் மூன்றாவதுக்கு ஆறு. அந்த ஆறில் ஒன்று பார்லி.

முன்பெல்லாம் இடம் கிடைக்காத குதிரைகளைத் திருப்பி அனுப்புவார்களாம். நான் பார்த்ததில்லை. நான் லைசென்ஸ் வாங்கிய வருடமே இரண்டு மைதானங்களைப் பால் பண்ணைக்கு விற்றார்கள்.

மதியம் நோலீன் வந்தாள். கில்பிரைட் கிளப்பின் செயலாளர். தட்டில் வெண்ணெய் தடவிய சீஸ் ரோல்கள், மேலே துணி. நோலீன் சீஸ் ரோலோடு வந்தால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று ஊருக்கே தெரியும்.

"அனெக்கோட அம்மாவைக் கடையில பாத்தேன்," என்றாள். "உன் குதிரைக்குக் காலாமே."

"நாலு இருக்கு," என்றான் கேலம், வாயில் ரோலோடு.

"உன்னைக் கேக்கலடா."

"சந்தேகம்தான், நோலீன்," என்றேன். "திங்கக்கிழமைதான் தெரியும்."

அவள் பார்லியின் நெற்றியைத் தடவினாள். அவன் அவள் கோட்டுப் பையை முகர்ந்தான். ஓட்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"கிளென்ஹில்காரன் ஒருத்தன், போன ரெண்டு சுத்துலயும் ஓடினதை ஏழாவதா அனுப்பறேன்னான். அதை நேத்து ஆஸ்திரேலியாவுக்கு வித்துட்டானாம்," என்றாள். "சரி விடு. உன் குதிரை, உன் முடிவு. தட்டை அப்புறம் வாங்கிக்கறேன்."

கார் வரை போய்த் திரும்பி வந்தாள். "காலையில ட்ராக்டர் விட்டு மைதானத்து மண்ணை இழுத்துச் சமன் பண்ணினேன். வளைவுல நல்லா அமைஞ்சிருக்கு. நாளைக்கு நீ பழக்கறப்பப் பாரு." போய்விட்டாள்.

நான் குதிரை பழக்குவது அந்த மைதானத்தில்தான். லாயத்துக் கதவைத் திறந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. அது போனால் நான் எங்கே போவேன் என்பதை யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். அன்று முழுக்க அதையே யோசித்தேன். தீவனம் அளக்கும்போது, சாணம் அள்ளும்போது, வாளியை அலம்பும்போது. ஒரே வாளியை இரண்டு தடவை அலம்பினேன்.

"ஒரு வழி இருக்கு," என்றான் கேலம்.

அவன் சொல்வதற்கு முன்பே எனக்கு அது தெரியும். எங்கள் பந்தயத்தில் குதிரை பாயக் கூடாது. பின்னால் இரண்டு சக்கர வண்டியோடு, குறுக்குக் கால்களை ஜோடியாக எடுத்து வைத்துப் பெருநடையில்தான் ஓட வேண்டும். பாய்ச்சலுக்கு மாறினால் உடனே இழுத்துப் பிடித்து நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்ற வண்டிகள் போய்விடும். பார்லி பாய்ச்சலுக்குப் பேர்போனவன். நல்ல நாளில் மூன்றாவதாக வருவான். கெட்ட நாளில், கிளம்பும் இடத்தில் குறுக்கே கட்டிய நாடா விலகியதும் முயல் மாதிரி எகிறுவான். அவனை விற்கவும் முடியாது, விடவும் முடியாது.

"பாய விடு," என்றான் கேலம். "நாடா விலகினா அவன் கிளம்பினதாக் கணக்கு. ஆறு குதிரை ஆச்சு. பாய்வான், நீ இழுத்துப் பிடிப்பே, எல்லாரும் போயிடுவாங்க. பின்னாலயே மெதுவா சுத்திட்டு வா. காலுக்கும் வலிக்காது. அவன் பாய்ஞ்சான்னு யாரும் ஆச்சரியப்படப் போறதில்ல."

"சனிக்கிழமைன்னு பாத்துப் பாயலன்னா?"

"லாடத்தைக் கழட்டிடறேன்."

அது எனக்குப் போதும். இங்கே இன்வர்கார்கில் தொடங்கி வடக்கே ஆற்றங்கரை வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பெருநடைக் குதிரையை நடையில் வைப்பது முன்காலின் எடை. கனமான இரும்பு லாடம், பாயும் குதிரைக்கு இன்னும் கனமானது, அப்போதும் பாய்ந்தால் நுனியில் ஈயம். எங்கள் அப்பா அப்படித்தான் அடித்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான். பார்லியின் முன்லாடங்கள் ஊரிலேயே கனமானவை. அதைக் கழற்றினால் அவன் பாய்வான் என்பதில் எங்களுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

நோகும் காலுக்குச் சுமை குறையட்டும் என்று கழற்றினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை கேலம் முன்லாடங்கள் இரண்டையும் கழற்றிக் குளம்பை அராவினான். பார்லி வெறுங்காலை மண்ணில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். தரை எங்கே என்று தேடுவது போல. நான் நாரைத் தொட்டேன். அன்று சூடு தெரியவில்லை. அது நிம்மதியாக இல்லை.

*

கிளென்ஹில்லில் சனிக்கிழமை வெயில் அடித்தது, தூறலும் விழுந்தது. மைதானத்து நடுவில் செம்மறிகள் மேய்ந்தன. கூட்டம் என்று சொல்ல, சிப்ஸ் வண்டிக்கு முன்னால் நின்ற வரிசைதான். மற்றபடி கார்களுக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தயப் பணம் கட்டுகிறவர்கள் எங்கோ வேறு நாட்டில் திரையைப் பார்த்துக் கட்டுகிறார்கள். எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

லாடம் மாற்றத்தை நடுவர்களிடம் காலையிலேயே சொல்லிவிட்டோம். ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். டூகல் பெய்ர்ட் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்லியின் காலைப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர், அறுபத்தெட்டு வயது. புள்ளிக் கணக்கில் அவர் பெட்டைக் குதிரைதான் முதலில் இருந்தது.

"என்னம்மா, செருப்பைக் கழட்டிட்டு வந்திருக்கே. கடற்கரைக்கா?"

"காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு, டூகல்."

"முயலுக்கு எதுக்கு லாடம்னு கழட்டிட்டியாக்கும். சரி, எகிறும்போது என் சக்கரத்துல எகிறாம பாத்துக்க. நானும் என் பொட்டையும் வயசானவங்க."

"உங்க பக்கத்துல வரமாட்டேன்."

"அதான், முயல் எங்க வருது. போயிடுமே." சிரித்துக்கொண்டே போனார்.

நோலீன் வேலியருகே நின்றிருந்தாள். இரண்டு மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறாள். ஆறு வண்டிகளும் பாதைக்குள் வந்ததும், உதடு அசைய எண்ணினாள். ஆறு வரை எண்ண அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது.

முன்னோட்டத்தில் பார்லியை நடக்க மட்டும் விட்டேன். காதுகளில் பஞ்சு வைத்திருந்தேன். சத்தம் கேட்டால் வெறி பிடிப்பான். பஞ்சோடு கட்டிய கயிறு என் கட்டைவிரலருகே இருந்தது. கடைசி நேரத்தில் அதை இழுத்தால் பஞ்சு விழும், சத்தம் உள்ளே போகும், குதிரை தன்னிடம் மிச்சமிருப்பதை எல்லாம் கொடுக்கும். இன்று இழுக்கத் தேவையிருக்காது.

நாடாவுக்குப் பின்னால் ஆறு குதிரைகளும் நின்றன. பார்லி வெளி ஓரத்தில். கிளப்புகிறவர் கையைத் தூக்கினார். நாடா விலகியது.

நான் கடிவாள வார்களைத் திடீரெனத் தளர்த்தி, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். வேறெந்த நாளாக இருந்தாலும் அதற்கே இரண்டு முன்கால்களும் மேலே போயிருக்கும்.

பார்லி ஒரு காதைத் திருப்பினான். பிறகு ஓடினான். நடையில்.

என்ன நடக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வண்டி ஆடவில்லை. மண் முகத்தில் அடிக்கவில்லை. எனக்கு முன்னால் யாரும் இல்லாததால்தான் அடிக்கவில்லை என்பது வளைவில்தான் உறைத்தது. அவன் முதுகு நீர்மட்டம் வைத்தது போல இருந்தது. நான்கு வருடமாக இந்த வண்டியில் உட்கார்ந்து, இப்போது பாய்வான், இப்போது பாய்வான் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு இன்று வேலையே இல்லை. அவன் கால்கள் மண்ணைத் தொட்டதும் எடுத்தன. கனத்தைத் தூக்கிப் போடவேண்டிய அவசரம் அவற்றில் இல்லை.

மறுபடி வாரைத் தளர்த்தினேன். எடையை ஒரு பக்கம் சாய்த்தேன். பாய் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்கவில்லை. காதில் பஞ்சு.

இரண்டாவது வளைவில் டூகல் என் பக்கத்துக்கு வந்தார்.

"எங்க வாங்கினே புள்ள இந்தக் குதிரைய?"

"பார்லிதான்."

"என்கிட்டயே கதை விடறியா." என் சக்கரத்தை ஒட்டியே வந்தார். "கொஞ்சம் மெதுவாப் போயேன், பேசிட்டே வரலாம்."

"நிக்கமாட்டேங்கறான், டூகல்."

அது உண்மை. இழுத்துப் பிடித்தால் தலையை நீட்டி என் தோளைக் கழற்றப் பார்த்தான். விட்டால் இன்னும் வேகம் எடுத்தான். ஒரு சுற்று முடிந்து ஆட்கள் நிற்கும் பக்கம் வந்தோம். வேலியில் கேலமின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. நோலீன் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்திருந்தாள். யாரோ கார் ஹாரனை அடித்தார்கள். பிறகு இன்னொருவர். கார்களுக்குள் இருந்தவர்கள் இறங்கி வேலிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆசை வந்தது. அதை வேறு விதமாகச் சொல்ல முடியாது. இவன் ஜெயிப்பான். இன்று மட்டுமில்லை, கில்பிரைட்டிலும் ஜெயிப்பான். எங்கள் ஊர் வெற்றிப் பலகையில் இவன் பெயர் ஏறும். நார் சூடாக இருந்ததே ஒரு பிரமை. வெள்ளிக்கிழமை சூடு இல்லையே.

எதிர்ப்பக்க நேர்பாதைக்குள் திரும்பும்போது பார்லியின் காலடி ஒன்று குட்டையாக விழுந்தது.

ஒரே ஒரு அடி. பாதையில் பள்ளமாக இருக்கலாம். நான் வாரை மாற்றிப் பிடித்ததாக இருக்கலாம். அடுத்த அடி சரியாக இருந்தது, அதற்கடுத்ததும். டூகலின் பெட்டை என் தோளருகே வந்துவிட்டாள். என் கட்டைவிரல் கயிற்றில் கொக்கி போட்டிருந்தது. நான் அதைப் போடச் சொல்லவில்லை, அதுவாகப் போட்டிருந்தது. இழுத்தால் இந்த நேர்பாதை முழுக்க அவன் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டான். நான் கேட்பதையெல்லாம் கொடுப்பான்.

கயிற்றை விட்டேன். டூகல் கடந்து போக விட்டு, மற்ற நான்கு வண்டிகளும் போக விட்டு, வெளிப்பக்கம் ஒதுக்கி, ஒரு கையைத் தூக்கினேன். பார்லியை நிறுத்த அந்த நேர்பாதையின் பாதி தேவைப்பட்டது. வேலி ஓரத்தில் நின்றோம். செம்மறிகள் தலை தூக்கிப் பார்த்தன. அவன் நிற்காமல் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தான். எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை.

டூகல் ஜெயித்தார். ஹாரன்கள் நின்றுவிட்டன.

*

மைதானத்துக் கால்நடை மருத்துவர் பார்லியின் காலை மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார். நடத்திப் பார்த்தார்.

"சூடு இல்ல. வலி இல்ல. நேராத்தான் நடக்கறான்."

நடுவர்களின் தலைவர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும், வடக்கிலிருந்து வந்தவர். வேலைக்குப் புதுசு. கோபப்படாமல் பேசினார்.

"முன்னால போயிட்டிருந்த குதிரையை நிறுத்தியிருக்கீங்க. காரணம் வேணும்."

"ஒரு அடி குட்டையா விழுந்துச்சு."

"ஒரு அடிக்கா?"

"வியாழக்கிழமை இதே கால் சூடா இருந்துச்சு."

கேலம் என் பூட்ஸை மிதித்தான். நடுவர் அதைப் பார்த்தார்.

"அப்ப எதுக்குக் கிளப்பினீங்க?"

எனக்கு யார் முன்னாலும் பேச வராது. பரீட்சையில் எழுதிவிடுவேன், வாய்மொழித் தேர்வில் தோற்பேன். ஆனால் அன்று வாய்க்குள் வேறு எதுவும் இல்லை. இருந்ததுதான் வந்தது.

"நாங்க இல்லன்னா அஞ்சுதான்."

"கிளப்பச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. எனக்கு எண்ணத் தெரியும்."

"லாடம்?"

"பாய்வான்னு நெனச்சுக் கழட்டினோம். பாய்ஞ்சா பின்னால மெதுவாப் போயிடலாம்னு."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஜெயிக்கக் கூடாதுன்னு வந்தேன்னு சொல்றீங்க. அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுதா?"

"தெரியுது."

"அவன் பாயல."

"இல்ல."

என் லைசென்ஸ் வருடக் கடைசி வரை நிறுத்தப்பட்டது. பார்லி மருத்துவச் சான்று வாங்கி, நடுவர்கள் முன்னால் தனியாக ஒரு சோதனை ஓட்டம் ஓடிக் காட்டிய பிறகுதான் பந்தயத்துக்கு வரலாம். சோதனை ஓட்டத்துக்கு அடுத்த தேதி, கில்பிரைட் இறுதிச் சுற்றுக்கு அப்புறம்தான்.

வெளியே நோலீன் நின்றிருந்தாள். கதவு மெல்லியது. எல்லாம் கேட்டிருக்கும்.

"அஞ்சு," என்றாள்.

"நோலீன், நான்..."

"காலு நல்லா இருக்குங்கறாரே டாக்டரு."

"தெரியும்."

"இன்னும் கொஞ்ச தூரந்தான் இருந்துச்சு, ஐலி." கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள். "ஜனங்க கார்லேந்து இறங்கினதைப் பாத்தியா? நான் அதைப் பாத்து எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா?"

அவள் காரை நோக்கிப் போனாள். எனக்குப் பின்னால் கேலம் மூக்கை உறிஞ்சினான்.

திரும்பும் வழியில் டிரக்கைக் கேலம் ஓட்டினான். பின்னால் பார்லி தரையைத் தட்டிக்கொண்டே வந்தான். வெறுங்கால் என்பதால் சத்தம் பொத்தென்று இருந்தது.

"பொய் சொல்லியிருக்கலாம்," என்றான் கேலம். "ஒரு அடி குட்டைன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்ல."

"நிறுத்தினேனே."

"பந்தயத்தைச் சொல்லல. வாயைச் சொல்றேன்."

*

திங்கட்கிழமை அனெக் வந்தாள். கோட்டெல்லாம் மாட்டு வாடை. ஞாயிறு காலையிலேயே கால் லேசாக வீங்கியிருந்தது. கேலமின் கைக்கே தெரிந்தது. அவள் மயிரைச் சிரைத்து, களிம்பு தடவி, கருவியை நாரின் மேல் மெதுவாக இறக்கினாள். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் பட்டாணி அளவு கறுப்பு.

"கிழிசல்," என்றாள். "சின்னதுதான். இன்னும் ஒரு வேகம் குடுத்திருந்தீன்னா மொத்தமாப் போயிருக்கும். அப்புறம் ஊசி போட்டு மேல அனுப்பவேண்டியதுதான்."

கேலம் என் தோளைத் தட்டினான். நான் திரையையே பார்த்தேன்.

"இது சனிக்கிழமை ஆனதா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"தெரியாது."

"ஓட்டாம விட்டிருந்தா?"

"தெரியாதுன்னேன்ல. வெறும் சூட்டோட போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்." கருவியைத் துடைத்தாள். "எட்டு மாசம் ஓய்வு. ஓடக் கூடாது. சின்னப் பட்டியில போட்டு வை."

அவள் போன பிறகு கேலம் லாடப் பட்டறையில் இருந்தான். பார்லியின் கழற்றிய லாடங்களை இரண்டு கையிலும் எடை பார்ப்பது போல வைத்திருந்தான்.

"மாகியோட சிவப்புக் குதிரை," என்றான். "பாய்ஞ்சு பாய்ஞ்சு தோத்துச்சே. நான் இன்னும் கனமா அடிச்சேன். இன்னும் பாய்ஞ்சுது. வித்துட்டாரு."

ஒரு லாடத்தை மற்றதோடு தட்டினான்.

"டூகலோட கறுப்பு. அந்தப் பாதிரியார் வெச்சிருந்த பொட்டை. பாய்ஞ்சு முன் வண்டியில ஏறி விழுந்துதே, அது. எல்லாத்துக்கும் லாடம் அடிச்சது நான்தான். அதுக்கு முன்னாடி அப்பா." லாடங்களை மேசை மேல் வைத்தான். திரும்ப எடுத்தான். "எல்லாம் கழட்டிவிடுன்னுதான் பாய்ஞ்சுதோ என்னமோ."

"எல்லாம் அப்படி இருக்காது. ஒரு குதிரையை வெச்சுச் சொல்ல முடியாது."

"ரெண்டாவதுக்கு எங்க போறது? பாக்கறதுக்குக் குதிரை இருக்கா இங்க?"

அவன் கையிலிருந்து லாடங்களை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டினேன்.

புதன்கிழமை நோலீன் தட்டை வாங்க வந்தாள். இறுதிச் சுற்றை ரத்து செய்துவிட்டார்கள். அன்று ஐந்து குதிரைகளோடு பரிசில்லாத ஓட்டம் ஒன்று நடத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அடுத்த வருடப் பட்டியலில் கில்பிரைட் இல்லை. அதைச் சொல்லும்போது அவள் பார்லி நிற்கும் பட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"அனெக் சொன்னா," என்றாள். "கிழிசலாமே."

"ஆமா."

"நான் சீஸ் ரோல் கொண்டு வந்திருக்கக் கூடாது."

"நான்தான் ஓட்டினேன், நோலீன்."

"நிறுத்தினதும் நீதான்." தட்டைத் துணியில் சுற்றினாள். "பாதைக்கு மண் இழுக்கறதை நான் நிறுத்தமாட்டேன். பந்தயம் இல்லன்னா பழக்கறதுக்காவது இருக்கட்டும். ட்ராக்டரை விக்கற வரைக்கும்."

"எட்டு மாசம் கழிச்சு இவனை எங்க ஓட்டறது?" என்று கேட்டான் கேலம்.

"ஸ்வீடன்ல ஓட்டு," என்றாள் நோலீன். "அங்கதான் வெறுங்காலோட ஓட்டறாங்களாம். போன வருஷம் டிவியில காட்டினான்."

கேலமும் நானும் அவளையே பார்த்தோம்.

"என்ன முழிக்கறீங்க. சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டோம்.

அவள் கார் போன சத்தம் அடங்குவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் டூகல் தன் பெட்டையைப் பழக்க வந்துவிட்டார். பாதையில் குளம்புச் சத்தம் கிளம்பியது. பட்டியில் பார்லி தலையைத் தூக்கினான். அது நாலு எட்டு அகலம்கூட இல்லாத இடம். அந்த இடத்துக்குள்ளேயே ஓடத் தொடங்கினான், மூலைக்கு மூலை திரும்பி, குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாக. ஒரு அடிகூடப் பாயவில்லை.

ஓடிப்போய்க் கழுத்துக் கயிற்றைப் பிடித்தேன். "நில்லு, நில்லு," என்றேன். காதில் பஞ்சு இல்லை, எல்லாம் கேட்கும். டூகலின் வண்டி ஒவ்வொரு தடவை எங்களைக் கடக்கும்போதும் அவன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. நெற்றியை என் தோளில் அழுத்தினான். நான் இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு பிடித்தபடி இருந்தேன். கேலம் இன்னொரு கயிறு எடுத்துவர லாயத்துக்கு ஓடினான்.

டூகல் இன்னும் ஒரு சுற்று வந்தார்.